அடுக்குமாடி வீட்டில் விதைத்த நாற்றுகள் ஏன் சாய்கின்றன?

கேள்வி: நான் கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் 9-ஆவது மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருக்கும் என் மகள் ஆண்டுதோறும் குளிர்காலம் முடியும் முன்பே வீட்டுக்குள் தட்டுகளில் காய்கறி விதைகளை முளைக்க வைத்து, வசந்தம் வந்ததும் தோட்டத்தில் நடுகிறாள். அவள் சொன்னபடியே நானும் பிப்ரவரி நடுவில் தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, சாலட் கீரை ஆகியவற்றை, கடையில் வாங்கிய கறுப்பு மண்ணில் விதைத்து, பிளாஸ்டிக் மூடி போட்டு, வரவேற்பறையில் தெற்குப் பார்த்த சன்னலோரம் வைத்தேன். தக்காளியும் வெண்டையும் சில நாள்களிலேயே முளைத்து, மெலிந்து உயர்ந்து, இரண்டாவது வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன. மிளகாயும் கத்தரியும் பாதிதான் முளைத்தன. சாலட் கீரை முளைக்கவே இல்லை. மண்ணின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. நம் ஊரில் எந்த மாதம் விதைக்க வேண்டும்? செடி விளக்கு வாங்க வேண்டுமா? மகள் விதைத் தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்வெப்ப விரிப்பும் அவள் ஊர் விதைகளும் அனுப்புவதாகச் சொல்கிறாள், வாங்கிக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம். தட்டு எங்கே இருந்தது, எந்தத் திசையைப் பார்த்திருந்தது, எதனால் மூடினீர்கள், எத்தனை நாளில் சாய்ந்தது என்று எல்லாவற்றையும் எழுதியிருப்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. உங்கள் மகள் சொன்ன முறையில் தவறு இல்லை. அது பர்மிங்காமின் குளிருக்கும் அந்த ஊர் வெயில் விழும் கோணத்துக்கும் ஏற்ப உருவான முறை. அதன் ஒவ்வொரு படியும் அங்கே ஒரு சிக்கலைத் தீர்க்கிறது. அந்தச் சிக்கல்கள் செந்தூலில் இல்லாததால், அதே படிகள் இங்கே புதிய சிக்கல்களை உண்டாக்கிவிட்டன.

இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் மே மாதத்திலும் இரவில் உறைபனி விழும் வாய்ப்பு உண்டு. தக்காளி, மிளகாய் போன்ற வெப்பநாட்டுச் செடிகள் ஒரே இரவு உறைபனியில் கருகிவிடும். ஆனால் உறைபனி முழுவதும் நின்ற பிறகுதான் விதைப்பது என்று காத்திருந்தால், செடி பூத்துக் காய்த்துப் பழுப்பதற்குள் அடுத்த குளிர் தொடங்கிவிடும். ஆகவே கடைசி உறைபனிக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே வெப்பமூட்டிய வீட்டுக்குள் விதைத்து, அந்த வாரங்களை மிச்சப்படுத்துகிறார்கள். நமக்கோ ஆண்டு முழுவதும் பகலில் 32, 33 பாகை செல்சியசும் இரவில் ஏறத்தாழ 24 பாகையும் இருக்கின்றன. தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் விரும்பி முளைக்கும் வெப்பம் 25 முதல் 30 பாகை. அது உங்கள் பால்கனியில் எந்த நாளிலும் கிடைக்கிறது. எனவே குளிருக்குப் பயந்து விதையை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டிய தேவை நமக்கு இல்லை.

நாற்று நீண்டு மெலிந்ததற்கு முழுக் காரணம் வெளிச்சக் குறைவு. தெற்குப் பார்த்த சன்னலில் வைத்தேனே, அதுதானே சிறந்த இடம் என்று நீங்கள் கேட்கக்கூடும். பர்மிங்காமில் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கமாகவே செல்கிறது. பிப்ரவரி நடுவில் நண்பகலில்கூட அடிவானத்துக்கு மேலே சுமார் 25 பாகை உயரம்தான் ஏறுகிறது. அவ்வளவு சாய்வாக வரும் வெயில் தெற்குச் சன்னல் வழியாக அறையின் உட்புறம் வரை பாய்கிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கே மட்டும் இருப்பதால், அதே நாளில் இங்கே நண்பகல் சூரியன் 74 பாகை உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது. அந்த வெயில் சன்னலுக்கு வெளியே உள்ள சுவர் விளிம்பில் விழுந்து நின்றுவிடும். மேல்மாடியின் பால்கனித் தளம் உங்கள் சன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் விழாது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால், அந்த ஐந்தரை மாதங்களில் தெற்குச் சன்னலுக்கு நேரடி வெயிலே கிடையாது. நம் ஊரில் வீட்டுக்குள் சாய்வாக வெயில் வருவது கிழக்கும் மேற்கும் பார்த்த திறப்புகள் வழியாக மட்டுமே.

வெளிச்சத்தை அளப்பதில் நம் கண்கள் நம்பத்தக்கவை அல்ல. நண்பகல் வெயிலில் ஏறக்குறைய 1 இலட்சம் லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கிறது. சன்னலிலிருந்து ஓரிரு மீட்டர் உள்ளே வந்தால் அது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடுகிறது. நம் கண்மணி விரிந்து அந்த வேறுபாட்டை ஈடு செய்துவிடுவதால், செய்தித்தாள் படிக்கப் போதுமான அறையை 'நல்ல வெளிச்சம்' என்று சொல்லிவிடுகிறோம். நாற்றுக்கோ குறைந்தது 10,000 லக்ஸ் அளவிலான வெளிச்சம் பகல் முழுவதும் வேண்டும். அது கிடைக்காதபோது, மேலே ஏதோ நிழல் செய்கிறது, அதைத் தாண்டிப் போனால் வெயில் உண்டு என்று கணித்துக்கொண்டு, இலையையும் தண்டின் பருமனையும் விட்டுவிட்டு உயரத்தில் மட்டும் தன் சேமிப்பைச் செலவிடுகிறது. வெப்பம் கூடக் கூட இந்த நீட்சியும் விரைவாகிறது. ஆதலால், இருட்டான சன்னலோரத்தில் ஓர் ஆங்கிலேய நாற்று மெதுவாக அடையும் நலிவை நம் வீட்டு நாற்று வெகு விரைவில் அடைந்துவிடுகிறது.

கருவி எதுவும் இல்லாமல் இடத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. காலை 10 மணி அளவில், தட்டு வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு சாண் உயரத்தில் உங்கள் கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெளிவான நிழலாக விழுந்தால் அது நாற்றுக்கு ஏற்ற இடம். கையின் வடிவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் விதை முளைக்கும் வரை அங்கே வைக்கலாம், முளைத்த பின் வைக்கக் கூடாது. நிழலே தெரியாவிட்டால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் துணி காயப்போடும் பின்பக்கப் பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது கிழக்குப் பார்த்ததாக இருந்தால் இந்தச் சோதனையில் நிச்சயம் தேறும். மேற்குப் பார்த்ததாக இருந்தாலும் பயன்படும். ஆனால் பிற்பகல் 2 மணிக்கு மேல் சுவரும் தரையும் சூடேறி நாற்றை வாட்டும் என்பதால், அந்த நேரத்துக்கு மட்டும் 50 விழுக்காட்டு நிழல்வலையைக் கொடியில் தொங்கவிட வேண்டும்.

இனி, சாய்ந்து விழுந்ததைப் பற்றி. இதற்கு நாற்றழுகல் என்று பெயர். சாய்ந்த ஒரு தக்காளி நாற்றை எடுத்து, மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் தண்டைப் பாருங்கள்: அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும் அது நீர் கோத்துப் பழுப்பேறி, விரல்களால் கிள்ளி எடுத்ததைப் போலச் சுருங்கியிருக்கும், அதற்கு மேலே உள்ள தண்டும், விதையிலிருந்து முதலில் விரியும் இலைகளாகிய வித்திலைகளும் விழுந்து ஒரு நாள் ஆனபோதும் பசுமையாகவே இருக்கும். மண்ணில் வாழும் பித்தியம், ரைசொக்டோனியா போன்ற நுண்ணுயிர்கள் அந்த ஒரே இடத்தில் தாக்கித் தண்டை அறுத்துவிடுவதுதான் இந்த நோய். முளைத்து மண்ணுக்கு மேலே வருவதற்கு முன்பே தாக்கினால் விதை உள்ளேயே அழுகிப்போகும். உங்கள் மிளகாயிலும் கத்தரியிலும் பாதி காணாமற்போனதற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி, ஏனெனில் மிளகாய் முளைக்க 7 முதல் 14 நாள் வரை எடுத்துக்கொள்ளும், அவ்வளவு நாளும் அது ஈரத்தில் கிடக்கிறது. மேலே தெரியும் வெள்ளைப் பூஞ்சை பெரும்பாலும் மக்கிய பொருளை உண்டு வாழும் சாதாரணப் பூஞ்சைதான். அது நாற்றைக் கொல்வதில்லை என்றாலும், காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தேங்கி நிற்கிறது என்பதற்கு அது சாட்சி.

அந்த ஈரத்தைத் தேக்கியது பிளாஸ்டிக் மூடி. வெப்பமூட்டிய ஆங்கில வீடுகளில் குளிர்காலக் காற்று மிகவும் வறண்டிருக்கும். அங்கே தட்டை மூடாவிட்டால் மேல்மண் ஒரே நாளில் காய்ந்து முளைவிட்ட விதை செத்துவிடும். கோலாலம்பூரின் காற்றிலோ ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இங்கே மூடி தேவையே இல்லை. மேல்மண் காய்வதைப் பற்றிக் கவலை இருந்தால், முதல் முளை தெரியும் வரை ஒரு செய்தித்தாளை மட்டும் மேலே போட்டு வையுங்கள்; முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும், மறுநாள் எடுக்கலாம் என்று விட்டுவிடக் கூடாது.

கறுப்பு மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. நர்சரிகளில் பையில் விற்கும் அந்த மண் வளர்ந்த செடிக்குப் பூச்சாடியில் போட நல்லதே. ஆனால் குழித்தட்டின் சிறிய குழியில் அது இரண்டு மூன்று முறை நீர் ஊற்றியதும் இறுகி, வேருக்குக் காற்றுப் போகாமல் செய்துவிடுகிறது. விதைக்கு 2 பங்கு தேங்காய் நார்த்தூளும் 1 பங்கு உமிக்கரியும் கலந்து பயன்படுத்துங்கள். பாட்டிமார் பல் துலக்கிய அதே உமிக்கரிதான். நர்சரிகளில் 'செக்காம் பாக்கார்' என்று கேட்டால் கொடுப்பார்கள். நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் அதை முதலில் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுவது அவசியம். நம்மவர்களில் பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, இலை நுனி கருகுவதைப் பார்த்து விதையைக் குறை சொல்கிறார்கள். கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் ஈரம் மிகுதி, ஒன்றுமே வராமல் உதிர்ந்தால் ஈரம் போதாது. இந்தக் கலவையில் சத்து எதுவும் கிடையாது, இருக்கவும் வேண்டாம். வித்திலைகள் விரியும் வரை விதைக்குள் இருக்கும் உணவே போதும். அடுத்து வரும் உண்மை இலைகள் இரண்டு விரிந்ததும், பொட்டலத்தில் சொல்லியுள்ள அளவில் கால் பங்கு மட்டும் கரைத்த திரவ உரத்தை வாரம் ஒரு முறை கொடுங்கள். கடைகளில் எளிதில் கிடைக்கும் பச்சை நிற 15:15:15 உருண்டை உரத்தை நாற்றுத் தட்டில் போடவே கூடாது; குழிக்குள் ஓர் உருண்டை கரைந்தாலும் வேர் வெந்துவிடும்.

விதையை அதன் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் போட்டால் போதும். நீர் ஊற்றுவதைப் பொறுத்தவரை, நேரம் பார்த்து ஊற்றாமல் தட்டின் எடையைப் பார்த்து ஊற்றுங்கள். நீர் ஊற்றிய உடனே தட்டை ஒரு முறை தூக்கிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தூக்கிப் பாருங்கள். எடை தெளிவாகக் குறைந்திருந்தால் மட்டும் நீர் கொடுக்க வேண்டும். ஓர் அகலமான பாத்திரத்தில் ஒரு விரற்கடை தண்ணீர் வைத்து, அதில் தட்டைப் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும், தண்டின் கழுத்து நனையாது. காலையில் கொடுப்பதே நல்லது. மாலையில் கொடுத்தால் இரவு முழுவதும் ஈரம் நிற்கும். பாத்திரத்தில் மிஞ்சிய தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும், பூச்சாடித் தட்டுகள் அதற்கு மிகவும் பிடித்த இடம். 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ், வீட்டில் கொசுப் புழுக்கள் கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமும் கட்ட நேரிடும்.

சாய்ந்தவற்றைக் காப்பாற்ற வழி இல்லை. அவற்றையும் சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள், வேறு சாடிகளில் கொட்ட வேண்டாம். பூஞ்சைக்கொல்லி மருந்தோ இலவங்கப்பட்டைத் தூளோ தூவச் சொல்லி யாரேனும் ஆலோசனை தரக்கூடும். ஈரத்தையும் காற்றோட்டத்தையும் சரி செய்யாமல் தூவுவது எதுவும் வீண். இன்னும் நிமிர்ந்து நிற்கும் தக்காளி நாற்றுகள் ஓரிரண்டு இருந்தால் அவற்றைக் கைவிட வேண்டாம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடத்திலெல்லாம் வேர் விடும் இயல்புடையது. எனவே அதைத் தனிச் சாடியில், வித்திலைகளுக்குச் சற்றுக் கீழே வரை தண்டைப் புதைத்து நட்டால், மெலிந்த தண்டின் குறை மறைந்துவிடும். மிளகாயும் கத்தரியும் அவ்வளவு எளிதாக வேர் விடுவதில்லை. அவற்றை முன்பிருந்ததைவிடச் சிறிது மட்டும் ஆழமாக நடலாம். காலியான தட்டுகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணி வெளுக்கும் குளோராக்ஸ் 1 பங்கும் தண்ணீர் 9 பங்கும் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மறுபடி கழுவி வெயிலில் காயவைத்த பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

எல்லாக் காய்கறிக்கும் நாற்று வளர்க்கத் தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் சிறிய விதை உடையவை, தொடக்கத்தில் மெதுவாக வளர்பவை. எறும்பு, நத்தை, திடீர் மழை ஆகியவற்றிலிருந்து முதல் சில வாரங்கள் பாதுகாப்புத் தேவைப்படுபவை. இவற்றைத் தட்டில் வளர்ப்பது முறை. வெண்டை, பயற்றங்காய், வெள்ளரி, பாகல் போன்றவற்றை வளரப்போகும் சாடியிலேயே நேரே ஊன்றிவிட வேண்டும். இவை முளைத்ததும் விரைவாக வேர் இறக்கும். அந்த வேர் இடமாற்றத்தை விரும்பாது. தட்டில் வைத்த வெண்டை, பிழைத்திருந்தாலும் பிறகு தேங்கிப்போயிருக்கும், ஆகவே அது விழுந்ததற்காக வருந்த வேண்டாம். தண்டுக்கீரை, சிறுகீரை, கங்கோங் ஆகியவற்றையும் நேரே தூவலாம். சந்தையில் வாங்கிய கங்கோங்கின் அடித்தண்டை ஈரமண்ணில் குத்தி வைத்தாலே அது தழைத்துவிடும்.

சாலட் கீரை ஒரு தனிக் கதை. உங்கள் விதையில் குறையில்லை என்றே நினைக்கிறேன். ஏறக்குறைய 30 பாகைக்கு மேல் வெப்பம் போனால் இந்த விதை முளைப்பதை நிறுத்திக்கொண்டு உறங்கிவிடும். சன்னலோரத்தில் மூடிக்குள் இருந்த வெப்பம் பிற்பகலில் அதைத் தாண்டியிருக்கும். ஈரமான மெல்லிய தாளில் விதையைப் பரப்பி, மடித்து, மூடிய டப்பாவில் வைத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்திருந்து, மாலை நேரத்தில் எடுத்து விதையுங்கள். விதைக்கு வெளிச்சம் பட வேண்டும் என்பதால் மண்ணால் மூடாமல் விரலால் மெல்ல அழுத்தி விட்டால் போதும். குளிரூட்டிய அறை உங்கள் வீட்டில் இருந்தால், முளைக்கும் வரை அங்கே வைக்கலாம். முளை தெரிந்ததும் பால்கனிக்குப் போய்விட வேண்டும்.

எந்த மாதம் விதைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நமக்கு உறைபனி நாளுக்குப் பதிலாக மழைதான் கணக்கு. கோலாலம்பூரில் பருவக்காற்றுகள் மாறும் காலங்களாகிய மார்ச் இறுதி முதல் மே வரையும், அக்டோபர் முதல் நவம்பர், டிசம்பர் வரையும் பிற்பகல் இடிமழை மிகக் கடுமையாக இருக்கும். ஜூன், ஜூலை மாதங்களும் ஆண்டின் தொடக்கமும் ஒப்பீட்டில் மழை குறைந்தவை. திறந்த வெளியில் நிலமோ மொட்டைமாடியோ உள்ளவர்களுக்கு நான் சொல்வது, நடும் நேரம் மழை குறைந்த காலத்தில் வருமாறு விதைக்கும் நாளைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும் என்பதே. தக்காளி நாற்று இங்கே 3 முதல் 4 வாரத்தில் நடவுக்கு ஆயத்தமாகும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 4 முதல் 5 வாரம் ஆகும். ஆக, ஜூன் நடுவில் நட வேண்டுமானால் மே நடுவில் விதைக்க வேண்டும். ஜனவரி இறுதியில் நட வேண்டுமானால் டிசம்பர் இறுதியில் விதைக்க வேண்டும். பினாங்கில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சற்று மாறும். அங்கே செப்டம்பரும் அக்டோபரும் மிகுந்த மழை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறட்சி. ஆகவே நவம்பரில் விதைத்து ஆண்டுக் கடைசியில் நடுவது அவர்களுக்குப் பொருந்தும்.

உங்களுடையது கூரையுள்ள பால்கனி என்பதால் இந்த மாதக் கணக்கு உங்களை அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது. எந்த மாதத்திலும் விதைக்கலாம். மார்ச் மாதமான இப்போதேகூடத் தொடங்கலாம். 9-ஆவது மாடியில் மழையைவிடக் காற்றே பெரிய தொல்லை. இடிமழைக்கு முன் வீசும் காற்று ஈரக்கலவை நிறைந்த தட்டைக்கூடப் புரட்டிவிடும். ஆகவே தட்டையும் சாடியையும் பால்கனிச் சுவரின் மேல் விளிம்பில் ஒருபோதும் வைக்காதீர்கள். அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு சிறு சாடி விழுந்தாலும் கீழே போகிறவர் உயிருக்கே ஆபத்து. வெயில் உள்ளே எட்டும் அளவுக்கு உயரமான ஓர் இரும்பு அடுக்கைச் சுவரோடு கட்டி, அதன் நடுத்தட்டில் வைப்பது பாதுகாப்பானது. வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள பொது நடைபாதையில் நல்ல வெளிச்சம் இருந்தாலும் அதை நாடாதீர்கள். அது தீ விபத்தின்போது வெளியேறும் வழி.

கிழக்கு அல்லது மேற்கு வெயில் கிடைக்கும் பால்கனி இருக்குமானால் விளக்கு வாங்கும் செலவு உங்களுக்கு வேண்டாம். நிழல் சோதனையில் எந்த இடமும் தேறாவிட்டால் மட்டும் வாங்குங்கள். அப்போதும் ஊதா நிறத்தில் ஒளிரும், விலை கூடிய 'செடி விளக்கு' தேவையில்லை. மின்பொருள் கடையில் கிடைக்கும் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்குகள் இரண்டை, நாற்றின் நுனிக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால் ஒரு தட்டுக்குப் போதும். 16 மணி நேரம் எரித்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 19 யூனிட் மின்சாரம்தான் ஆகும். விளக்கைக் கூரையில் மாட்டினால் பயன் இல்லை, ஏனெனில் உயரம் கூடும்போது வெளிச்சம் வெகு விரைவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு சிறிய மின்விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் தண்டு உறுதிப்படும், நாற்றழுகலும் குறையும். வெப்ப விரிப்பை அனுப்ப வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். அது நம் ஊரில் விதையை அவித்துவிடும்.

நாற்றில் நான்கைந்து உண்மை இலைகள் வந்ததும் வெயிலுக்குப் பழக்க வேண்டும். இங்கிலாந்தில் இந்தப் பழக்கம் குளிருக்காகச் செய்யப்படுகிறது. நமக்கு அது வெயிலின் கடுமைக்காக. கூரைக்குக் கீழே வளர்ந்த நாற்றை ஒரே நாளில் நண்பகல் வெயிலில் வைத்தால் இலையில் வெளிறிய திட்டுகள் தோன்றிக் காகிதத்தைப் போல் உலர்ந்துவிடும். இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பவர்கள் உண்டு. முதல் இரண்டு நாள் காலை 9 மணி வரை, அடுத்த இரண்டு நாள் 10 அல்லது 11 மணி வரை என்று ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். நடும் நாளில், தட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக நீர் கொடுத்துவிட்டு, மாலை 5 மணிக்கு மேல், வேரைச் சுற்றிய கலவை உடையாதபடி குழியின் அடியிலிருந்து தள்ளி எடுத்து நடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. இலையைப் பிடித்தால், அது கிழிந்தாலும் செடி பிழைத்துக்கொள்ளும். மிளகாய், கத்தரிக்குச் சாடி 30 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ளதாக இருந்தால் நன்று.

மகள் அனுப்புவதாகச் சொல்லும் விதைகளைப் பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. முதலாவது, வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவருவதும் அஞ்சலில் பெறுவதும் 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்படி முறையான அனுமதியோடு மட்டுமே நடக்க வேண்டும். அனுமதியில்லாத பொட்டலத்தை மாகிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல், ஆய்வுத் துறையினர் பறிமுதல் செய்யலாம். இரண்டாவது, அனுமதி கிடைத்தாலும் அந்த விதைகளில் பல இங்கே பயன் தராது. ஆங்கில வெங்காய இரகங்கள் பகல் 14 முதல் 16 மணி நேரம் நீண்டால்தான் கிழங்கு கட்டும். ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும் நம் ஊரில் அவை தாள் மட்டுமே விடும். 'மனிமேக்கர்' போன்ற ஆங்கிலத் தக்காளி இரகங்கள் செழிப்பாக வளர்ந்து நிறையப் பூக்கும். ஆனால் இரவு வெப்பம் 24 பாகையை ஒட்டி நிற்பதால் பெரும்பாலான பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். வெப்பத்தைத் தாங்கும் செர்ரித் தக்காளி இரகங்களே நமக்கு ஏற்றவை. நிலத்தில் நட்டால் பாக்டீரிய வாடல் நோய் தக்காளியைத் தாக்கும் அச்சமும் உண்டு. புதுக் கலவை நிரப்பிய சாடியில் வளர்க்கும் உங்களுக்கு அந்த அச்சம் குறைவு. மிளகாயில் குலாய் இரகமும் சிலி பாடியும் நம் வெப்பத்துக்குப் பழகியவை.

இவை அனைத்தும் சுங்கை பூலோ நர்சரிகளிலும், வேளாண் பொருள் விற்கும் கடைகளிலும் கிடைக்கின்றன. வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறம் அடைத்த தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் ஆனதையும், வெயில் படும் வாசலில் தொங்கவிட்டிருப்பதையும் தவிர்த்துவிடுங்கள். மீதமுள்ள விதைகளைச் சமையலறை இழுப்பறையில் போட்டு வைத்தால் நம் ஈரக்காற்றில் சில மாதங்களிலேயே முளைப்புத் திறன் சரிந்துவிடும். காலணிப் பெட்டியிலோ மருந்துப் புட்டியிலோ வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு அவற்றை இறுக மூடும் டப்பாவில் வைத்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அடுத்த முறை விதைக்கும்போது டப்பாவை வெளியே எடுத்த உடனே திறக்காமல், அது அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால், உள்ளே நீர் கோக்காமல் எஞ்சிய விதை கெடாமல் இருக்கும்.